வீராணம் சம்பாவும் பாகூர் நவரையும்: ஒரு கிலோ நெல்லுக்கு எவ்வளவு மீத்தேன்?

நீர் நிற்கும் நெல் வயலிலிருந்து, புவியைச் சூடாக்கும் மீத்தேன் வெளியேறுகிறது. எவ்வளவு என்று பார்க்க இரண்டு வயல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. பிசின் போல் ஒட்டும் களிமண். வருடத்துக்கு ஒரே நெல், அது சம்பா. அறுத்த தாளில் உளுந்து. மற்றொன்று புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம். பங்காரு வாய்க்காலும் ஏரியும் இருந்தாலும், தை பிறந்த பிறகு போர்வெல்லை நம்பித்தான் பயிர். அங்கே சம்பாவை அறுத்ததும் நவரை நடுகிறார்கள். இரண்டும் தலா ஒரு ஹெக்டேர், அதாவது 2.47 ஏக்கர்.

இவை எந்தத் தனி விவசாயியின் வயலும் அல்ல. அந்தந்தப் பகுதியின் மண், நீர், பட்டம் ஆகியவற்றை வைத்து அமைத்த மாதிரி வயல்கள். கீழே வரும் வாயு எண்கள், பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2019 திருத்திய வழிகாட்டியில் உள்ள கெழுக்களை (பெருக்கும் எண்களை) கொண்டு போட்ட கணக்கு. வயலில் கூண்டு கவிழ்த்து அளந்தவை அல்ல. விளைச்சல், வைக்கோல் அளவு போன்றவை நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் வயல் எண்ணை அந்த இடத்தில் போட்டால் உங்கள் கணக்கு வந்துவிடும்.

இந்தியாவின் மொத்தப் பசுமை இல்ல வாயுவில் வேளாண்மையின் பங்கு ஏறத்தாழ 14 சதவீதம். அதில் முதலிடம் ஆடு மாடுகளின் செரிமானத்துக்கு. நெல் வயலும் உரமிட்ட மண்ணும் அடுத்து வருகின்றன. நெல்லுக்குச் சொல்லப்படும் தீர்வு எங்கும் ஒன்றுதான்: காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலை மாறி மாறிக் காயவிட்டு நீர் கட்டுவது. நல்ல தீர்வு. ஆனால் மேலே சொன்ன இரண்டு வயல்களில் ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மாவட்டத்தின் கடைமடையில் நின்றுகொண்டு வயலைக் காயவிடு என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த ஊர் மழையைப் பார்த்ததில்லை என்றுதான் பொருள். அந்த வயலுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விளைச்சலையும் சேர்த்துக் காப்பாற்றுபவை.

சேற்றுக்குள் நடப்பது

வயலில் நீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று புகுவது நின்றுவிடும். இருக்கிற ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். பிறகு நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகச் செலவாகும். எல்லாம் தீர்ந்த பின் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் வேலை தொடங்குகிறது. அவற்றுக்குத் தீனி, மண்ணில் மக்கும் தாள், வைக்கோல், வேர்க்கசிவு. உண்டான மீத்தேனில் பெரும்பகுதி குமிழியாக வெளியேறுவதில்லை. நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாக மேலே போகிறது. வேருக்குக் காற்றைக் கொண்டுவரும் அதே குழல்தான்.

வயல் சில நாள் காய்ந்தால் காற்று உள்ளே போகும். மீத்தேன் உற்பத்தி நிற்கும், இருக்கும் மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்களும் விழித்துக்கொள்ளும். மறுபடி நீர் கட்டினால் உடனே பழைய அளவுக்கு வராது. அந்த வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாறு நாள் காய்ச்சலுக்கு இவ்வளவு பலன் கிடைப்பது அதனால்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. காய்ந்தபோது அமோனியம் நைட்ரேட்டாக மாறும். மறுபடி நீர் ஏறும்போது அந்த நைட்ரேட்டின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கும். புவியைச் சூடாக்குவதில் மீத்தேன் ஒரு கிலோ 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நைட்ரஸ் ஆக்சைடு ஒரு கிலோ 273 கிலோவுக்குச் சமம். ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டிவிட்டோமா என்று பார்க்காமல் விடக்கூடாது.

கணக்கு இப்படி: தெற்காசியாவுக்கு, இயற்கை எரு எதுவும் போடாமல் தொடர்ந்து நீர் நிற்கும் வயலில், ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். இது 0.58 முதல் 1.26 வரை மாறக்கூடிய ஒரு சராசரி. இதை நான்கு விஷயங்களால் பெருக்க வேண்டும். முதலாவது, பயிர்க்காலத்தில் நீர் நின்ற விதம்: தொடர்ந்து நின்றால் 1.00, ஒருமுறை வடித்தால் 0.71, பலமுறை காயவிட்டால் 0.55. இரண்டாவது, நடவுக்கு முன் வயல் எவ்வளவு நாள் நீரின்றிக் கிடந்தது: 180 நாளுக்குக் குறைவென்றால் 1.00, அதற்கு மேல் என்றால் 0.89. மூன்றாவது, மண்ணில் சேர்ந்த வைக்கோல், எரு. நான்காவது, நாட்கள்.

பாகூர் நவரை: குழாய் சொல்வதைக் கேட்பது

105 முதல் 110 நாள் ரகம், ஆடுதுறை 43 போன்றது என்று வைத்துக்கொள்வோம். நாற்றங்கால் போக நடவு வயலில் 85 நாள். சம்பாத் தாள் ஹெக்டேருக்கு ஒன்றரை டன் உலர் எடை. அதை மடக்கி உழுது இரண்டு வாரத்தில் நடவு. தொடர்ந்து நீர் கட்டினால் 124 கிலோ மீத்தேன் வருகிறது. கரியமில வாயுக் கணக்கில் 3,350 கிலோ. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் 68 கிலோ, அதாவது 1,842. குறைவு 1,507 கிலோ. தழைச்சத்து 150 கிலோ போட்டிருந்தால், நைட்ரஸ் ஆக்சைடு 193-லிருந்து 322-ஆக ஏறுகிறது. கூடுதல் 129. ஆக நிகரக் குறைவு கிட்டத்தட்ட 1,380 கிலோ. நைட்ரஸ் ஆக்சைடு லாபத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தின்னவில்லை. ஆனால் யூரியாவைக் கண்மண் தெரியாமல் கொட்டுகிற வயலில் இந்தப் பங்கு ஏறும்.

செய்ய வேண்டியது, மண்ணுக்குள் நீர்மட்டம் பார்க்க ஒரு குழாய். 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் 30 செ.மீ. துண்டு வெட்டிக்கொள்ளவும். மண்ணுக்குள் போகும் பாதி முழுக்கச் சுற்றிலும் அரை செ.மீ. துளை, இரண்டு செ.மீ. இடைவெளியில். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில், ஆனால் வரப்பை ஒட்டாமல், மேடும் இல்லாத பள்ளமும் இல்லாத இடத்தில் இறக்க வேண்டும். 15 செ.மீ. மண்ணுக்குள், 15 செ.மீ. வெளியே. உள்ளே ஏறிய சேற்றைக் கையால் அள்ளி எடுத்து, குழாயின் அடிமட்டம் கண்ணுக்குத் தெரியவேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த அள்ளும் வேலையைத்தான். அள்ளாத குழாயில் மேலே நின்ற மழைநீர் அப்படியே தேங்கி, வயல் வெடித்துக் கிடக்கும்போதும் நீர் இருப்பதாகக் காட்டும்.

குழாய் சரியா என்று பார்க்க எளிய சோதனை: நீர் கட்டி சில மணி நேரம் கழித்து உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் துளைகளில் களிமண் அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி, பழைய கொசுவலைத் துண்டைச் சுற்றி மறுபடி இறக்கலாம். நண்டு வளை பக்கத்தில் இருந்தாலும் குழாய் பொய் சொல்லும்.

நட்டு முதல் பத்து நாள் குழாயைப் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று செ.மீ. நீர் நிற்கட்டும், நாற்று பிடிக்கவும் களை அடங்கவும் அது வேண்டும். அதற்குப் பிறகு, 5 செ.மீ. கட்டி விட்டுவிடுவது. நீர் மறைந்து, குழாய்க்குள் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. மாசி, பங்குனி வெயிலில் மணல் கலந்த நிலத்துக்கு இது பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். கதிர் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காய்ச்சல் கூடாது. அந்த நாட்களில் வறட்சி தட்டினால் பதர் விழும். மிச்சப்படுத்திய நீருக்கும் வாயுவுக்கும் சேர்த்து விளைச்சலில் விலை கொடுக்க நேரிடும். பால் பிடித்த பின் மறுபடி காய்ச்சலும் பாய்ச்சலும், அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன் முற்றாக நிறுத்தம்.

எங்கே தவறுகிறது? முதலில், சமன் இல்லாத வயல். ஒரே கண்டத்தில் பத்து செ.மீ. மேடு பள்ளம் இருந்தால், குழாய் 15 காட்டும்போது மேட்டுப் பயிர் 20-க்குக் கீழே போயிருக்கும். பள்ளத்தில் நீர் நின்றுகொண்டே இருக்கும். மேட்டில் விளைச்சல் போகும், பள்ளத்தில் மீத்தேன் குறையாது. லேசர் கருவியால் சமன் செய்வது முதல்தரம். கட்டுப்படியாகாதவர்கள் கடைசிப் பரம்பை நீர் ஆழம் பார்த்து இரண்டு தரம் ஓட்டினாலே பாதிக் குறை தீரும்.

இரண்டாவது, ஆட்டோ ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் வரும்போதெல்லாம் மோட்டார் தானே ஓடும்படி போட்டுவிட்டு வீட்டில் இருப்பது வழக்கம். அந்த வயலில் காய்ச்சல் நாளே வராது. தமிழ்நாட்டுப் பக்கம் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் நிறுத்த வேண்டிய அவசரமும் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் நடக்க வேண்டுமென்றால் முதல் வேலை அந்த ஸ்டார்ட்டரை அணைப்பதுதான்.

நீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு போகத்தில் 250 மி.மீ. குறைந்தால் ஹெக்டேருக்கு 2,500 கன மீட்டர். மொத்த ஏற்றம் 40 மீட்டர், பம்புசெட்டின் திறன் 40 சதவீதம் என்றால் சுமார் 680 யூனிட் மின்சாரம். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்ற அளவில் இன்னொரு 475 கிலோ. கட்டணம் இல்லாதவருக்கு இதில் பணம் மிஞ்சாது. ஆனால் பாகூருக்குக் கடல் பக்கம். அளவுக்கு மீறி இறைத்த நிலத்தடி நீரில் உப்பு ஏறும் பயம் இந்தக் கரை முழுக்க உண்டு. மீத்தேனைக் கேட்டு மனம் மாறாதவர்கூட, தன் போரில் உப்பு ஏறுவதைக் கேட்டால் நின்று யோசிப்பார். யோசிக்கவும் வேண்டும்.

அதே உப்பு இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. வரப்பில் வெள்ளை பூக்கிற நிலத்தில் 15 செ.மீ. வரை காயவிடக்கூடாது. காயும்போது அடி உப்பு மேலே ஏறும். அங்கே கட்டிய நீர் மறைந்த மறுநாளே அடுத்த நீர் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கடலோர உப்பு மண்ணில் சல்பேட் மிகுதியாக இருப்பதால் மீத்தேன் ஏற்கெனவே குறைவாகவே உண்டாகும், இழப்பு பெரிதில்லை.

களை மூன்றாவது இடைஞ்சல். நீர் இறங்கியதும் குதிரைவாலிப் புல்லும் கோரையும் தலைதூக்கும். நட்ட மூன்றாம் நாள் மெல்லிய நீரில் களை முளைக்குமுன் தெளிக்கும் மருந்து, பிறகு ஒரு கோனோவீடர் (உருட்டிக் களையெடுக்கும் கருவி) ஓட்டம். களை அடங்காத வயலில் காய்ச்சலை ஒரு வாரம் தள்ளிப்போடுவது தோல்வியல்ல, அதுதான் சரி.

யூரியாவைக் காய்ச்சலோடு இணைக்க வேண்டும். நிற்கிற நீரில், உச்சி வெயிலில் வீசிய யூரியாவிலிருந்து அமோனியா பறக்கும். குழாய் 15 செ.மீ. காட்டிய அன்று, மண் ஈரமாக, மேலே நீர் இல்லாமல் இருக்கும்போது போட்டு உடனே நீர் கட்டினால் சத்து வேருக்கு இறங்கும். எவ்வளவு என்பதை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை சொல்லட்டும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உச்சியிலிருந்து மூன்றாவது விரிந்த இலை, பத்து இடத்தில். அட்டைமீதும் இலைமீதும் நேர்வெயில் படாமல் உடலால் நிழல் கொடுத்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலை 4-ஆம் நிறத்துக்குக் கீழே இருந்தால் (வெள்ளைப் பொன்னி போன்றவற்றுக்கு 3) மட்டும் உரம். கோடைப் பருவத்தில் ஒரு தரத்துக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து. ஏக்கர் கணக்கில் சுமார் 31 கிலோ யூரியா, முக்கால் மூட்டைக்கும் குறைவு. மழைக்காலத்துக்கு 30 கிலோ. ஏக்கருக்கு சுமார் 26 கிலோ யூரியா.

வீராணம் சம்பா: வடிகால் இருந்தால்தான் பேச்சு

இங்கே ரகம் சி.ஆர். 1009 சப் 1. 155 நாள். சில நாள் மூழ்கினாலும், இரண்டு வாரம் வரை, தாக்குப்பிடிக்கும் குணம் உள்ளது. ஆடிப் பிற்பாதியில் நாற்றுவிட்டு, செப்டம்பர் முதல் வாரத்தில் நடவு என்று வைப்போம். நடவு வயலில் 125 நாள். தை, மாசியில் சிதறிய வைக்கோல் மூன்று டன். ஆனால் அது உளுந்துக் காலமும் கோடையும் கடந்து, நடவுக்கு முப்பது நாளுக்கு வெகு முன்பே மண்ணில் மக்கிவிட்டது. வயல் நீரின்றிக் கிடந்ததும் 180 நாளுக்கு மேல். கணக்கு: 123 கிலோ மீத்தேன், கரியமில வாயுவாக 3,332 கிலோ. 125 நாள் நின்ற சம்பா, 85 நாள் நின்ற நவரையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது! உளுந்தும் கோடைத் தரிசும் கொடுத்த பரிசு அது.

சம்பாவில் கிடைக்கக்கூடியது ஒரே ஒரு காய்ச்சல். தூர் கட்டி முடிகிற நேரம், நட்ட 30 முதல் 35-ஆம் நாள், கதிர் உருவாகத் தொடங்குவதற்கு முன். ஐந்து முதல் ஏழு நாள் வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றும்வரை விடவேண்டும். விரல் நுழையும் வெடிப்பு வரக்கூடாது. களிமண்ணில் வெடிப்பு ஆழப்பட்டால் அடுத்துக் கட்டும் நீர் அதன் வழியே அடிமண்ணுக்குப் போய்விடும், நிரப்பவே இரண்டு மடங்கு நீர் கேட்கும். இந்த ஒரு வடிப்பு 3,332-ஐ 2,366-ஆக இறக்குகிறது. கூடவே, பயனற்ற கடைசித் தூர்கள் அடங்கி, வேர் ஆழமாக இறங்கி, கார்த்திகைக் காற்றில் பயிர் சாய்வதும் குறைகிறது.

தேதியைக் கவனியுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் நட்டால் அந்த ஏழு நாள் அக்டோபர் முதல் பாதியில் விழும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில். புரட்டாசிக் கடைசியில் ஒரு சன்னல் திறந்து மூடுகிறது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நட்டால் தூர் கட்டி முடியும்போது மழை நின்று பெய்துகொண்டிருக்கும்; அந்த வருடம் அந்த வயலில் காய்ச்சல் கிடையாது. ஆகவே கடலூர்ச் சம்பாவில் மீத்தேனை முடிவு செய்வது பெரும்பாலும் நடவுத் தேதி. நடவுத் தேதியை முடிவு செய்வது மேட்டூரிலிருந்து கீழணை வழியாக வடவாற்றில் இறங்கி வீராணத்துக்கு வரும் நீர்.

நீர் தாமதமானால் என்ன செய்வது என்பதற்குப் பதிலை இந்தப் பகுதி விவசாயிகளே வெகுகாலமாக வைத்திருக்கிறார்கள்: புழுதி விதைப்பு. ஆடி, ஆவணியில் கோடை உழவு செய்த புழுதியில் விதைத்து, கிடைக்கிற மழையில் முளைக்க வைப்பது. வாய்க்காலில் நீர் வரும்போது பயிருக்கு ஒரு மாத வயது. சேற்றுழவு இல்லை, நாற்றங்கால் இல்லை. நீர் நிற்கும் நாளை 105 என்று எடுத்தால் மீத்தேன் கணக்கு 2,799 கிலோ; அக்டோபர் வடிப்பும் சேர்ந்தால் 1,987. ஆனால் களை. புழுதி விதைப்பு தோற்பது பெரும்பாலும் களையால்தான். விதைத்த ஐந்தாம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி ஹெக்டேருக்கு ஒரு கிலோ செயல்பொருள். ஈரமில்லாத புழுதியில் தெளித்தால் மருந்து வேலை செய்யாது, காசு வீண். முளைத்த பின் வரும் புல்லுக்கு இரண்டு மூன்று இலைப் பருவத்தில் பிஸ்பைரிபேக் சோடியம்; ஐந்து இலை வந்தபின் தெளிப்பதில் பயனில்லை.

இதையெல்லாம் தடுக்கும் பெரிய இடைஞ்சல் வயலுக்கு வெளியே இருக்கிறது. இங்கே நீர் வயல் வழி வயலாகப் போகிறது. நடுவில் இருப்பவர் வடித்தால், கீழே உள்ளவருக்குப் போகும் நீர் அவர் வயல் வழியேதான் போகவேண்டும். மேலே உள்ளவர் கட்டினால் நடுவயல் காயாது. தனி ஆளாகச் செய்ய முடியாத வேலை இது. ஒரு மடைக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் ஒரே வாரம் என்று பேசி முடிவெடுத்தால்தான் நடக்கும். அதிலும் கடைமடைக்காரர் கேட்கும் கேள்வி நியாயமானது: "விட்ட தண்ணி திரும்பி வருமா?" முறைப்பாசனத்தில் அடுத்த முறை எந்தத் தேதி என்று உறுதியாகத் தெரியாத ஊரில், கையில் இருக்கும் நீரைத் திறந்துவிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முறைத் தேதியை முன்கூட்டியே அறிவிப்பதும், அதைக் காப்பாற்றுவதும்தான் சம்பாவில் மீத்தேன் குறைப்பின் முதல் படி.

அடுத்தது வடிகால். வெள்ளியங்கால் ஓடை, பாசிமுத்தான் ஓடை, கான்சாகிப் வாய்க்கால் என்று இந்தப் பக்கத்து வடிகால்கள் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியவை. அவற்றிலும் அவற்றில் வந்து சேரும் கன்னி வடிகால்களிலும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டால், வயலில் வடிமடையைத் திறந்தும் நீர் போக இடம் இருக்காது. காட்டாமணக்கை மேலாக வெட்டிவிட்டால் போதாது. வெட்டிப் போட்ட தண்டு ஈரத்தில் வேர்விட்டு மறுபடி எழும். வேரோடு பிடுங்கிக் கரைமேல் ஏற்றிக் காயவைக்க வேண்டும், அதுவும் நீர் வருவதற்கு முன், ஆடிக்குள். மழை தொடங்கிய பின் இறங்கும் பொக்லைன் சேற்றை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றுவதோடு சரி.

மூழ்கிய பயிரின் கணக்கு

ஹெக்டேர் கணக்கு மட்டும் பார்த்தால் ஒன்று தெரியாமல் போகும். சம்பா ஹெக்டேருக்கு ஐந்து டன் விளைந்தால், தொடர்ந்து நீர் நின்ற வயலில் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்ந்து ஒரு கிலோ நெல்லுக்கு 0.71 கிலோ கரியமில வாயு. ஒருமுறை வடித்த வயலில் 0.54. கார்த்திகையில் பத்து நாள் மூழ்கி, அழுகி, மிஞ்சியது இரண்டரை டன் என்றால் 1.41. மூழ்கிய வயல் மீத்தேன் விடுவதை நிறுத்துவதில்லை; செத்த இலையும் தூரும் சேற்றில் அழுகித் தீனியாகச் சேர்கின்றன. போட்ட யூரியாவும் டீசலும் திரும்பி வராது.

இது எப்போதாவது வரும் நிலைமை இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம். இந்தக் கடற்கரையில் வடிகாலைச் சீர்படுத்துவது விளைச்சலைக் காக்கும் வேலை. அதே மண்வெட்டி மீத்தேனையும் குறைக்கிறது. மூழ்குதலைத் தாங்கும் ரகமும் அப்படியே. விளைச்சல் வேறு, வாயு வேறு என்று இரண்டு திட்டம் போடத் தேவையில்லாத இடம் இது.

பாகூர் நவரையில் ஐந்தரை டன் என்று வைத்தால், தொடர் நீரில் கிலோவுக்கு 0.64, காய்ச்சலும் பாய்ச்சலுமில் 0.39. பம்புசெட் மின்சாரம் இதில் சேராது. சேர்த்தால் இரண்டும் ஏறும், இடைவெளி இன்னும் கூடும்.

வைக்கோல்: கேட்பாரற்றுக் கிடக்கும் பெரிய எண்

குறுவை அறுத்துத் தாளடி நடும் வயல்கள் கொள்ளிடக் கரைப் பக்கம் உண்டு, வடிமுனைக் குழாய்க் கிணறு உள்ள இடங்களில். அங்கே அறுவடை இயந்திரம் வைக்கோலைச் சிதறிவிட்டுப் போகும், இரண்டு மூன்று வாரத்தில் அப்படியே சேற்றில் மடக்கி நடவு. மூன்று டன் உலர் வைக்கோல் நடவுக்கு முப்பது நாளுக்குள் மண்ணில் போனால் பெருக்கும் எண் 2.27. நூறு நாள் பயிருக்கு மீத்தேன் 193 கிலோ. கரியமில வாயுவாக 5,200. வைக்கோலைக் கட்டு கட்டும் இயந்திரத்தால் எடுத்து, ஒரு டன் தாள் மட்டும் விட்டால் 3,454. குறைவு 1,746 கிலோ. நீர்க்கட்டைத் தொடவே இல்லை, குழாய் இல்லை, மடைத் தகராறு இல்லை; நவரையில் பாடுபட்டுக் குறைத்ததைவிட இது அதிகம். கட்டிய வைக்கோலுக்கு மாட்டுக்காரரிடம் விலையும் கிடைக்கும். அறுவடை நாளில் மழை பெய்தால்தான் சிக்கல்: ஈரக் கட்டு உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு விலகும். இரண்டு வெயில் காயாமல் கட்டக்கூடாது. அதற்காக எரிப்பதும் வழியல்ல; எரியும்போதும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வரும், வைக்கோலின் கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் மண்ணுக்கு மிஞ்சாது.

பசுந்தாள் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேசவேண்டும். தக்கைப்பூண்டு ஹெக்டேருக்கு 6.25 டன் மடக்கி உடனே நீர் கட்டினால் பெருக்கும் எண் 2.2, நன்கு மக்கிய எரு ஐந்து டன்னுக்கு 1.44. இதைக் காட்டிப் பசுந்தாளை விடச் சொல்வது தப்பு. களர் நிலத்தைத் திருத்துவது அது, யூரியாவைக் குறைப்பதும் அது. மடக்கும் நேரத்தை மாற்றினால் போதும். வீராணம் பக்கம் வைகாசி, ஆனி மழையில் விதைத்து, பூக்கும் தறுவாயில் ஈரப் புழுதியாக இருக்கும்போதே மடக்கி, நீர் வருவதற்குள் காற்றோடு மக்கவிடலாம். சாணத்தைப் பச்சையாக வீசாமல் எரிவாயுக் கலனில் போட்டுக் கழிவை மக்கவைத்துப் போடுவதும் இதே வழிதான்.

தை மாதத்து உளுந்து

சம்பா முடிவில் வடிப்பதற்கு விவசாயிக்கு நேரடிக் காரணம் ஒன்று உண்டு. அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன் வடித்த வயலில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்கும். சேறாகக் கிடந்தால் பெல்ட் வண்டி, வாடகை கூடுதல், தடமும் ஆழம். அதே வடிப்பு உளுந்துக்கு மெழுகுப் பதம் தருகிறது. கைப்பிடி மண்ணை உருட்டினால் உருள வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது; அந்த ஈரத்தில் ஏக்கருக்குப் பத்து கிலோ விதை. கை அறுவடை என்றால் அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு விதைக்கலாம். இயந்திரம் என்றால் முளைத்த செடி சக்கரத்தில் நசுங்கும். வண்டி இறங்குவதற்குச் சற்று முன் தூவினால் விதை தாளுக்கடியில் பதிந்து முளைக்கும். வண்டி கொட்டிச்செல்லும் வைக்கோல் வரிசையை அன்றைக்கே உதறிப் பரப்ப வேண்டும், அல்லது எடுக்கவேண்டும். அடியில் சிக்கிய விதை வெளுத்து நீண்டு செத்துவிடும். பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு சத டிஏபி கரைசல்: நான்கு கிலோ டிஏபியை முதல்நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் தெளிநீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி ஏக்கருக்கு மாலையில் தெளிப்பது.

இந்த உளுந்துக்குப் பாய்ச்சல் கிடையாது, வயலில் மீத்தேன் கிடையாது. மண்ணுக்குள் காற்று போய்வருகிறது, வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்கிறது, அடுத்த சம்பாவுக்கு 0.89 என்ற எண்ணும் கிடைக்கிறது. நீர் இருக்கிறதே என்று இந்த இடத்தில் இன்னொரு நெல்லைப் புகுத்தினாலும், பாகூரில் சொர்ணவாரிப் பட்ட நெல்லையும் சேர்த்து வருடம் முழுக்க நெல்லாக நிறுத்தினாலும், மேலே போட்ட ஒவ்வொரு எண்ணும் ஏறும்.

கார்பன் பணம், அதாவது வாயுவைக் குறைத்ததற்குக் கிடைக்கும் தொகை பற்றி இப்போது ஊர் ஊராகப் பேச்சு வருகிறது. நவரையில் நிகரக் குறைவு ஹெக்டேருக்கு 1.38 டன், ஏக்கருக்கு சுமார் 0.56 டன். டன்னுக்கு 800 ரூபாய் கிடைத்தாலும் ஏக்கருக்கு 450 ரூபாய்க்குள், அதிலும் அளப்பவர், பதிபவர், சான்று தருபவர் பங்கு போகவேண்டும். இதை நம்பிக் குழாய் இறக்க வேண்டாம். பெல்ட் வண்டிக்கும் டயர் வண்டிக்கும் உள்ள வாடகை வித்தியாசம், இலை அட்டை மிச்சப்படுத்தும் யூரியா, வைக்கோல் கட்டு விலை, போரில் ஏறாத உப்பு, சாயாத பயிர் ஆகியவை அதைவிட நெருக்கமான கணக்கு. ஒப்பந்தம் நீட்டுகிறவர்களிடம் கையெழுத்துக்கு முன் மூன்று கேட்கவேண்டும்: எத்தனை வருடம் கட்டுப்பட வேண்டும், மழையால் காயவைக்க முடியாமல் போன வருடத்தில் என்ன ஆகும், நீர்மட்டப் பதிவை யார் எடுப்பது. கடைசிக் கேள்விக்கு விவசாயிதான் என்று பதில் வந்தால், நாள்தோறும் குழாயைப் பார்த்து எழுதும் கூலியும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.